ஜன்னல் வேறு, வாசல் வேறு

ஆய்க்குடிப் பக்கம் ஒருவர் எடுக்க ஆசைப்படக்கூடிய மூன்று படங்களை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம். அனுமன் நதிப் படிக்கட்டைக் கழுவி, அதில் பாயசத்தை ஊற்ற, வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் குனிந்து சாப்பிடும் படிப்பாயசம் ஒன்று. அதே வரிசையில், மூக்கு நுனியில் பாயசம் ஒட்டிய ஒரே ஒரு பிள்ளையின் முகம் இரண்டாவது. சாரல் விட்ட பொழுதில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக் காட்டுக்கு அப்பால் நிற்கும் மலை மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவராது என்று தோன்றினால், லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா வேண்டும். அது பிலிம் கேமராவாகவும், சிறியதாகவும், சத்தம் குறைந்ததாகவும், கையில் உள்ள காசுக்குள் வருவதாகவும் இருக்க வேண்டும் என்றால் பேச்சு ரேஞ்ச்ஃபைண்டரில் வந்து நிற்கும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

பீரோவில் கிடக்கும் பழைய கேமரா எதுவுமே ரேஞ்ச்ஃபைண்டர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் எத்தனையோ ஆல்பங்களை நிரப்பிய யாஷிகா எம்.எஃப்-2 ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல. யாஷிகாவே 1966-ல் கொண்டுவந்த எலக்ட்ரோ 35 உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த மாமா யாராவது வைத்திருக்கலாம். அருமையான கேமரா. ஆனால் அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. நமக்கு வேண்டியது இந்தக் கூட்டத்திலேயே லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய சிறு குடும்பம்.

ரேஞ்ச்ஃபைண்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்வோம். கையை நீட்டிக் கட்டை விரலைத் தூக்கிப் பிடியுங்கள். விரலுக்குப் பின்னால் தூரத்தில் தென்காசிக் கோபுரமோ மலையோ இருக்கட்டும். இடக் கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக் கண்ணை. விரல் இடமும் வலமுமாகத் தாவும். விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தால் இன்னும் பெரிதாகத் தாவும். கோபுரத்தைப் பார்த்தே ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் அது அசையவே அசையாது. அதாவது தாவும் அளவை அளந்தால் தூரம் தெரிந்துவிடும்.

கேமராவின் முகத்தில் இரண்டு சிறு கண்ணாடிச் சாளரங்கள் விலகி இருப்பது இதற்காகத்தான். ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். இன்னொன்றில் விழும் காட்சி, உள்ளே ஒரு பட்டகத்திலும் பாதி ஒளி விடும் கண்ணாடியிலும் பட்டு, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு வெளிறிய கட்டமாக வந்து விழுகிறது. அந்தக் கட்டத்துக்குள் பிள்ளையின் கண் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸின் பின்விளிம்பு முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வை உடம்புக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்புகோல் தொட்டு உணர்ந்து பட்டகத்தைத் திருப்பும். இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று பொருந்தும் கணத்தில் லென்ஸ் சரியான தூரத்தில் நிற்கிறது. 1932-ல் வந்த இரண்டாம் மாடல் லைக்காவில் இந்த ஏற்பாடு உடம்புக்குள்ளேயே அமைந்தது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்கள்தான்.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் உட்கார்ந்தே பேசுவோம். படம் பிடிக்கும் லென்ஸ் வழியாக நாம் எட்டிப் பார்ப்பதே இல்லை. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒரு சாய்ந்த கண்ணாடி, லென்ஸ் வழியே வரும் காட்சியைத் தூக்கி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி எதுவும் இல்லை. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறோம், விருந்தாளி வருவது வாசல் வழியே. வாசல் கதவை அகலமாக்கினாலும் குறுக்கினாலும் ஜன்னலில் தெரியும் தெரு மாறாது. 35 மி.மீ. லென்ஸைக் கழற்றிவிட்டு 90 மி.மீ. லென்ஸை மாட்டினாலும், கண்ணுக்குத் தெரியும் காட்சி அப்படியேதான் இருக்கும்.

இதிலிருந்து பிறக்கும் குழப்பங்களைப் பாருங்கள். லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே ஒரு ரோல் முழுக்க எடுத்துவிடலாம், சாளரம் கடைசி வரை பளிச்சென்று காட்டிக்கொண்டிருக்கும். லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னியிருந்தாலும் சாளரத்தில் தெரியாது. ஃபோக்கஸ் தவறியிருந்தாலும் காட்சி மங்காது; நடுக்கட்டத்தில் மட்டும் இரட்டையாகத் தெரியும். கடையில் கேமராவைக் கண்ணில் வைத்து, “அடேங்கப்பா, எவ்வளவு தெளிவா இருக்கு” என்று சொல்லிக் காசை எடுத்து நீட்டுபவர் ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டு வீட்டை வாங்குகிறார். ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குவதில் நாம் கவனிக்க வேண்டிய எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

லென்ஸ் மாறியது சாளரத்துக்குத் தெரியாது என்றால், படத்தில் எவ்வளவு விழும் என்று நமக்கு எப்படித் தெரியும்? காட்சிக்குள் மிதக்கும் வெள்ளைக் கோட்டுச் சட்டங்கள் அதற்காகத்தான். 35-க்கு ஒரு சட்டம், 50-க்கு ஒரு சட்டம், 90-க்கு ஒரு சட்டம். படிப்பாயசத்தில் நாம் 2 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 35 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் விழும், நான்கைந்து பிள்ளைகள் இருப்பார்கள். 50-ல் ஏறக்குறைய 1.4 மீட்டர். 90-ல் 80 செ.மீ., ஒரு பிள்ளை போதும். ஆனால் 35-ன் சட்டத்துக்குள் 90-ன் சட்டம் ஆறில் ஒரு பங்குப் பரப்புகூட இருக்காது. 135 லென்ஸின் சட்டம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். மலைமேல் பறக்கும் கழுகையோ மரத்தில் உட்கார்ந்த மயிலையோ எடுக்க ஆசை என்றால் ரேஞ்ச்ஃபைண்டரை விட்டுவிடுங்கள். அதற்கு எஸ்.எல்.ஆர்.தான் சரி.

ஆகவே உடம்பைத் தேடுவதற்கு முன் லென்ஸை முடிவு செய்ய வேண்டும். என்னென்ன லென்ஸ் வேண்டும் என்று தெரிந்தால், அந்தச் சட்டங்கள் உள்ள ஜன்னலைத் தேடலாம். லென்ஸ் மாற்றலாம் என்பதற்காக ஐந்தாறு லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர்களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோனும் ஒருவர். மகரிஷியின் கடைசி நாட்களை அவர் படமெடுத்தார். அவர் கையில் இருந்தது லைக்கா. எந்த லென்ஸையும் மாட்டியிருக்க முடியும். ஆயினும் வாழ்நாளில் பெரும்பாலும் 50-ஐ வைத்தே வேலை செய்தார். நம் மூன்று படங்களில் இரண்டை 50-ஐ வைத்தே முன்னே பின்னே நடந்து எடுத்துவிடலாம். கூட்டத்துக்குள் பின்னால் நகர இடமில்லாத இடங்களுக்கு 35. இந்த இரண்டும் போதும் என்பது என் கருத்து.

இனி உடம்புகள். மலிவு என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பழைய சோவியத் நாட்டு ஃபெட், சோர்க்கி. ஃபெட்டின் கதை அழகானது. கார்கீவ் நகரில், வீடற்ற பிள்ளைகளுக்காகக் கல்வியாளர் அந்தோன் மகரென்கோ நடத்திய கம்யூனில், அந்தப் பிள்ளைகளின் கையால், 1934-ல் லைக்காவைப் பார்த்துச் செய்யத் தொடங்கியது அது. போருக்குப் பின் 1948-லிருந்து க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோர்க்கி பிறந்தது. இவற்றில் நமக்கு உதவக்கூடியவை 1955-ல் வந்த ஃபெட்-2, 1956-ல் வந்த சோர்க்கி-4. இரண்டிலும் பின்பக்கம் முழுதாகக் கழன்று வரும், ரோல் போடுவது சுலபம். பழைய லைக்காக்களில் அடிமூடியைக் கழற்றி, பிலிமின் நாக்கை நீளமாக வெட்டி, மேல்நோக்கிச் செருக வேண்டும்.

ஃபெட்-2-ன் இரு சாளரங்களுக்கும் இடைவெளி 67 மி.மீ. விரல் சோதனை நினைவிருக்கிறதா? கண்களுக்கு நடுவே இடைவெளி கூடக் கூடத் தாவலும் கூடும், தூரத்தை நுணுக்கமாக அளக்கலாம். அந்த வகையில் ஃபெட்-2 பணக்காரக் கேமராக்களோடு போட்டி போடும். குறை என்னவென்றால், அதன் சாளரம் 50 லென்ஸுக்கு மட்டுமே அளவெடுத்தது, கோட்டுச் சட்டங்கள் கிடையாது. சோர்க்கி-4-லும் அப்படித்தான். 35 மாட்டினால் கேமராவின் தலையில் செருகும் தனிச் சாளரம் ஒன்று வாங்க வேண்டும். சுழல்தலை வைத்து 28, 35, 50, 85, 135 ஐந்தையும் காட்டும் சோவியத் சாளரம் ஒன்று உண்டு. ஃபோக்கஸ் ஒரு துளையில், அளவு மறு துளையில் என்று இரண்டு தடவை பார்க்க வேண்டிவரும். நிதானக்காரருக்கு இது தொந்தரவாகத் தெரியாது. ஓடுகிற பிள்ளைகளை எடுப்பவருக்குத் தெரியும். சோர்க்கி-4-ல் இன்னொன்று: ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே பழுதாகும்.

ஒரு படி மேலே போக முடிந்தால், என் தேர்வு 1950-களின் கடைசியில் வந்த கேனன் பி. அதன் காட்சி உருவம் சுருங்காமல் வரும், ஆகவே இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்க்கலாம். 35, 50, 100 மூன்று சட்டங்களும் எப்போதும் தெரியும். நாம் பேசிய மூன்று படங்களுக்காகவே செய்தது போலிருக்கும். 1961-ன் கேனன் 7-ல் சட்டங்களைத் திருகி மாற்றலாம், 135 வரை உண்டு. ஆனால் அதன் வெளிச்சமானி செலீனியம் வகை, காலம் அதைத் தின்றிருக்கும். தலையில் தனிச் சாளரம் செருகவும் இடம் கிடையாது. 2000-ல் ஜப்பானின் கொசினா நிறுவனம் வாய்க்ட்லேண்டர் பெயரில் விட்ட பெஸ்ஸா ஆர், லென்ஸ் வழியே வெளிச்சம் அளக்கும். 35, 90, 50, 75 சட்டங்கள் உண்டு. அதன் சாளர இடைவெளி 37 மி.மீ. மட்டுமே, காட்சியையும் சுருக்கிக் காட்டும். கேனன் பி-ன் 41 மி.மீ. அப்படியே பலனாகக் கிடைக்க, பெஸ்ஸாவில் 25 அளவுக்குத்தான் பலன். 35-க்கும் 50-க்கும் அது தாராளம், நீள லென்ஸுக்குக் கொஞ்சம் இழுபறி. கியெவ் என்ற பெயரில் வரும் கேமராக்கள் கோன்டாக்ஸ் என்ற கேமராவின் வம்சம், 90 மி.மீ. இடைவெளி கொண்டவை, தனி லென்ஸ் குடும்பம். முதல் கேமராவாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கியெவ் தவிர மேலே சொன்ன எல்லாம் ஒரே மரையைப் பயன்படுத்துகின்றன: 39 மி.மீ. குறுக்களவுள்ள லைக்கா மரை. சோவியத் ஜுபிட்டர்-8 லென்ஸைக் கேனனில் திருகலாம், கேனன் லென்ஸை ஃபெட்டில் திருகலாம். நாளைக்குக் காசு சேர்ந்து, 1954-க்குப் பின் வந்த எம் வகை லைக்கா ஒன்றை வாங்கினாலும், 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு வளையம் போட்டு இதே லென்ஸ்களை அதில் மாட்டிக்கொள்ளலாம். மலிவான உடம்பில் தொடங்கி நல்ல லென்ஸில் காசைப் போடுவது இதனால்தான் புத்திசாலித்தனம்.

ஆனால் மரை பொருந்தினால் எல்லாம் பொருந்தியதாகாது. பழைய ஜெனித் எஸ்.எல்.ஆர். லென்ஸ்களுக்கும் 39 மி.மீ. மரைதான். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் அமரும் இடத்திலிருந்து பிலிம் 28.8 மி.மீ. தள்ளி இருக்கும், ஜெனித்தில் 45.2 மி.மீ. ஜெனித் லென்ஸை ஃபெட்டில் திருகினால் அம்சமாக ஏறி உட்காரும். சாளரம் பளிச்சென்று காட்டும். ஒரு படமும் உருப்படாது. மறுபடியும் ஜன்னல்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஜுபிட்டர்-12 என்ற 35 லென்ஸின் பின்கண்ணாடி உடம்புக்குள் நீண்டு போகும், சில உடம்புகளில் இடிக்கும். எந்த உடம்புக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ரொம்ப மலிவாக, தங்க முலாம் பூசி, கழுகுச் சின்னம் பொறித்த ‘லைக்கா’ யாராவது காட்டினால் அது அநேகமாக வேஷம் கட்டிய ஃபெட் அல்லது சோர்க்கி.

கடையிலோ விற்பவர் வீட்டிலோ கேமராவைக் கையில் வாங்கியதும் ஜன்னலையும் வாசலையும் தனித்தனியே சோதிப்போம். முதலில் ஜன்னல்: லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தூரத்து மலைமுகட்டைப் பாருங்கள். இரட்டைக் காட்சி ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினாலோ, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றாலோ சரிசெய்யும் வேலை இருக்கிறது. நடுக்கட்டம் மிகவும் வெளிறியிருந்தால் பாதிக்கண்ணாடி தேய்ந்துவிட்டது, அதைத் தவிர்ப்பது நல்லது. பிறகு வாசல்: பின்மூடியைத் திறந்து, பிலிம் படரும் இடத்தில் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை ‘பி’ நிலையில் திறந்து பிடியுங்கள். தாளில் தலைகீழாகத் தெரிவதுதான் லென்ஸ் காணும் உண்மையான படம். இரண்டு மீட்டரில் உள்ள ட்யூப்லைட்டின் முனையை ஜன்னலில் பொருத்தினால், தாளிலும் அந்த முனை கூர்மையாக இருக்க வேண்டும்.

லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளைத்திருந்தால் பூஞ்சை, பால் தெளித்தது போல் இருந்தால் புகைமூட்டம். சீசனில் குற்றால மலையிலிருந்து வரும் ஈரக்காற்றில் இருக்கும் நமக்கு இது முதல் எதிரி. தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பது; தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது எதிரி வெயில். குறுக்கே கண்ணாடி இல்லாததால் லென்ஸ் சூரியனை நேரே ஷட்டர் திரையில் குவிக்கும். ஃபெட், சோர்க்கி, பழைய லைக்காக்களின் திரை ரப்பர் பூசிய துணி. மூடி போடாமல் லென்ஸ் சூரியனைப் பார்க்க நின்றால் ஊசித்துளை எரிந்துவிடும், ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும். வாங்கும்போது லென்ஸ் இல்லாமல் உடம்பை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஷட்டரை ஏற்றும் முன் ஒருமுறை, ஏற்றிய பின் ஒருமுறை. திரை இரண்டு, அதனால் இரண்டு பார்வை. கேனன் பி-ன் திரை எஃகு, எரியாது. விரல் பட்டுச் சுருங்கியிருக்கும், அதனால் படம் கெடுவதில்லை.

வெளிச்சமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு உச்சிவெயிலில் எஃப் 16, வினாடியில் 500-ல் ஒரு பங்கு. மேகம் கட்டிச் சாரல் தூறும்போது எஃப் 5.6 வரை திறக்கலாம். சந்தேகம் வந்தால் செல்போனில் மானி இருக்கிறது. பிலிம் செலவைக் கணக்கில் வையுங்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நம் மண்ணிலேயே கறுப்பு வெள்ளை ரோல் செய்த காலம் போய்விட்டது. இப்போது வாங்குவது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. வெளிநாட்டிலிருந்து கேமரா வரவழைத்தால் சுங்கவரியும் சேரும்.

வாங்கியாயிற்று என்றால், முதல் ரோலில் இரண்டு மூன்று கட்டங்களைப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரு மேசையில் ஐந்து தீப்பெட்டிகளை, 5 செ.மீ. இடைவெளியில், ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, 1 மீட்டர் தூரத்திலிருந்து நடுப்பெட்டியில் பொருத்தி, எஃப் 2-ல் எடுங்கள். 50 லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் கூர்மை 5 செ.மீ. ஆழத்துக்குத்தான் நிற்கும், அதனால் ஒரு பெட்டிதான் தெளிவாக விழும். நடுப்பெட்டி தெளிவானால் கவலையில்லை. பின்பெட்டியோ முன்பெட்டியோ தெளிவானால், இன்னொரு லென்ஸை மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். லென்ஸுக்கு லென்ஸ் கூர்மையின் ஆழம் மாறும், ஆகவே எத்தனை பெட்டி என்பதை விட எந்தப் பக்கம் தவறுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் தவறினால் திருத்த வேண்டியது உடம்பின் ரேஞ்ச்ஃபைண்டர். ஒன்று மட்டும் தவறினால் அந்த லென்ஸ். சோவியத் லென்ஸ் ஃபெட்டில் சரியாக விழுந்து கேனனில் கிட்டத்தில் கொஞ்சம் தவறினால் இரண்டிலும் பழுதில்லை. அந்த லென்ஸ்கள் லைக்கா அளவுக்கு அல்லாமல் கோன்டாக்ஸ் அளவுக்குக் கணக்கிட்டவை. எஃப் 4-க்கு மூடி எடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.